இழை: உருவப்படத்தின் பின்னணி நிறத்துக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, ஓவிய ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக, பாஸ்டலில் (வண்ணப் பொடிக்கட்டியில்) உருவப்படம் வரைவது பற்றி 12 பக்கக் கையேடு ஒன்று எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

‘பின்னணி நிறம்’ என்று எழுதினால் பிள்ளைகள் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசித்து, தென்னை மரத்தையும் மலையையும் போட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் முகத்தை முழுக்க முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் கைக்குக் கிடைத்த கட்டியைத் தேய்க்கிறார்கள். பொடி முழுக்க முகத்தில் கொட்டுகிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்த மலையாளச் சொல் ‘பச்சாத்தலம்’. அதுவும் பின்னால் உள்ள தளம்தான்.

நானும் அதே தப்பைச் செய்தவள். பக்கத்து வீட்டுப் பாட்டியை வரைந்தேன். நல்ல கறுப்பு, நெற்றி நிறைய விபூதி. கடைசியில் சுற்றிலும் எலுமிச்சை மஞ்சள் பூசினேன். படங்களைச் சுவரில் சாய்த்து வைத்து எல்லோரும் பேசும் நாளில், மூத்த ஓவியர் ஒருவர் ‘முகம் செத்துக் கிடக்கிறது’ என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதோடு விடவில்லை. சாம்பல், பாசிப்பச்சை, மங்கிய நீலம் என்று தாள்களைக் கிழித்து, பாட்டியின் கன்னத்தை ஒட்டி ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். நீலத்தை வைத்ததும், கன்னத்தில் நான் என்றோ போட்டிருந்த செம்பழுப்பு சூடேறி எழுந்தது. முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை! அந்த நிறம் முகத்துக்குப் பின்னால் இல்லை, முகத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. அதைச் சொல்லும் சொல் வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டீச்சர், சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: எழினி. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகள் வருகின்றன. ஆடுபவளின் உருவை எடுத்துக்காட்டுவது திரைதானே? எழு என்ற வேரிலிருந்து வந்தது என்பது என் துணிபு. எழுச்சி, எழில், எழிலி (மேகம்) எல்லாம் அதே குடும்பம். ஓவியம் ‘எழுதுதல்’ என்று நாம் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அதியமான் வழியில் எழினி என்ற பெயர் இருந்ததும் நினைக்கத்தக்கது.

செங்கோட்டையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, எழினி என்று எழுதினால் பிள்ளைகள் யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்றுதான் நினைப்பார்கள். படித்ததும் புரியாத சொல்லை அச்சடித்து என்ன பயன்? பின்னணியையே வைத்துக்கொள்ளலாம். ‘அணி’ என்பதற்கு நகை, படைவரிசை என்பவை மட்டும் பொருளில்லை. அணித்து, அணிமை என்றால் அருகு. டீச்சர் தேடும் ‘தொட்டுக்கொண்டிருப்பது’ அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘பின்’ இடிக்கிறது என்றால் அதை வெட்டிவிட்டு அணிநிறம் என்று வைக்கலாம்.

நகரியிலிருந்து, நெசவுக் குடும்பத்துக்காரர்:

அணிநிறம் என்றால் என் மகன் கிரிக்கெட் அணியின் சட்டை நிறம் என்பான். இங்கே தெலுங்கில் ‘நேபத்யம்’ என்கிறார்கள், அதுவும் நாடக மேடையிலிருந்து வந்ததுதான். ஆனால் டீச்சர் சொன்ன விஷயம் தறிக்காரனுக்குப் பழக்கமானது. ஒரே மாம்பழ மஞ்சள் கரை, பச்சை உடலில் ஒரு மாதிரி, அரக்கு உடலில் வேறு மாதிரி. நூல் ஒரே சாயத் தொட்டியில் நனைந்ததுதான். பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரோலிடம், கறுப்பு நூல் சரியாகச் சாயம் ஏறவில்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்ததில் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கடித்தன. 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதிவிட்டார். ஆகவே ‘அயல்நிறம்’ என்று சொல்லலாமே?

சித்தூரிலிருந்து (பாலக்காடு), கல்லூரி மாணவி:

அயல் என்றால் அயல்நாடுதான் முதலில் நினைவுக்கு வரும் அண்ணா. நான் ‘சூழ்நிறம்’ என்பேன். வினைத்தொகை. சூழ்ந்த நிறம், சூழ்கின்ற நிறம், சூழும் நிறம், மூன்று காலமும் அதில் அடங்கும். பாஸ்டலில் அதுதானே வேலை? மெல்லியதாக ஒரு பூச்சு முதலிலேயே போட வேண்டும், முகத்தோடு சேர்த்து வளர்க்க வேண்டும், கடைசியில் முடியின் ஓரத்தில் ஒரு முறை திருத்த வேண்டும்.

நாகர்கோவில்:

சூழ்ச்சி என்ற வாடை அடிக்கிறதே அம்மா. இன்னொன்று. ‘சுற்றி இருப்பது’ என்றாலும் அது வேறு, முகம் வேறு என்றுதான் ஆகிறது. பத்மநாபபுரம் அரண்மனை மாடியில் உள்ள சுவரோவியங்களைப் போய்ப் பாருங்கள். உருவங்களுக்கு இடையில் சும்மா கிடக்கும் இடமே இல்லை. காவியும் பச்சையும் உருவத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. எழினி வேண்டாமென்றால் ‘ஏந்துநிறம்’ என்று வையுங்கள். அதுவும் வினைத்தொகைதான்.

சித்தூர்:

ஐயா, ‘சூழ்வார்கண் ணாக ஒழுகலான் மன்னவன் சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்’. வள்ளுவருக்குச் சூழ்தல் ஆராய்தல், சூழ்வார் ஆலோசனை சொல்பவர். டீச்சருக்கு அந்த மூத்த ஓவியர் கண்ணாக இருந்தாரே, அதுவும் இந்தச் சொல்லில் வந்துவிடுகிறது. ஆராய்ந்து தேர்ந்த நிறம் என்றும் படிக்கலாம்.

செங்கோட்டை:

பொருத்தமான குறள்தான், ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் தோன்றாது. என் வாக்கு இன்னும் பின்னணிக்கே. அப்புறம், கையேட்டில் படங்களைப் பற்றிப் பேசும் பகுதிக்கு ‘நிரூபணம்’ என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள் டீச்சர். மலையாளத்தில் அது விமர்சனம், தமிழில் அத்தாட்சி. அதை முதலில் மாற்றுங்கள்.

கொழிஞ்சாம்பாறை:

பார்த்தீர்களா, பள்ளிக்கூடத்தில் தினமும் கேட்டுக் கேட்டு எனக்கே தெரியாமல் நுழைந்துவிட்டது. மிக்க நன்றி. ‘படம் பார்த்துப் பேசுதல்’ என்று மாற்றிவிட்டேன்.

மணி பதினொன்று, காலையில் அச்சகம். தனிமடல்களையும் சேர்த்துச் சூழ்நிறத்துக்கு நான்கு பேர், பின்னணிக்கு மூன்று பேர், ஏந்துநிறத்துக்கு ஐயா ஒருவர். முதல் இடத்தில் ‘பின்னணியில் வரும் சூழ்நிறம்’ என்று எழுதி, பிறகு சூழ்நிறம் என்றே போகிறேன். பக்கத்திலேயே பாட்டி படத்தை இரண்டு முறை அச்சிடுகிறோம், ஒன்று மஞ்சளோடு, ஒன்று நீலத்தோடு.

நாகர்கோவில்:

நல்லது, அச்சிடுங்கள். ஆனால் அந்த இரண்டு படங்களையும் காட்டி, நீலம் பாட்டியைச் சூழ்கிறதா ஏந்துகிறதா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அவர்கள் சொல்வதை இங்கே எழுதுங்கள். என் சொல்லை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை.