புது வீட்டுக்குள் நுழைந்தது ராகு காலத்திலா? உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்

செங்காங்வாசி

கடவுள் உண்டா இல்லையா என்ற சண்டை இங்கே வேண்டாம். அது என் வீட்டிலேயே வேண்டிய அளவு நடக்கிறது. வீட்டிலோ வேலையிடத்திலோ கல்யாணத்திலோ எதையாவது பார்த்து "இது எப்படி?" என்று கேட்டிருப்பீர்கள். அல்லது கேட்க வாயெடுத்துவிட்டு, சரி, எதற்கு வம்பு என்று சாப்பிடப் போயிருப்பீர்கள். அந்தக் கதைகள்தான் வேண்டும். நானே தொடங்குகிறேன்.

எங்கள் பிடிஓ வீட்டுக்கு, அதாவது இங்கே சிங்கப்பூரில் அரசாங்கம் கட்டிக் கொடுக்கும் புது அடுக்குமாடி வீட்டுக்கு, சாவி வாங்கியது ஒரு புதன்கிழமை. தோ பாயோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத் தலைமையகத்தில் வேலை சீக்கிரம் முடிந்து, பதினொன்றே முக்காலுக்கு புளோக்குக்கு வந்துவிட்டோம். மின்தூக்கிப் பொத்தானை அழுத்தப் போனேன். அம்மா கையைப் பிடித்தார். "மேல போய்ப் பூட்டத் தொறந்து விளக்கேத்தறதுக்குள்ள பன்னெண்டு ஆயிடும்டா. ஒன்றரைக்கு அப்புறம் போகலாம்."

புதன்கிழமை 12 முதல் 1.30 வரை ராகு காலம். அதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று சின்ன வயதிலேயே அம்மா சொல்லிக் கொடுத்துவிட்டார். திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு, 7.30-ல் தொடங்கி ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

ஆகவே கீழ்த்தளத்துக் கல் மேசையில் உட்கார்ந்தோம். துண்டில் சுற்றிய குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், ஒரு பாக்கெட் பால். சதுரங்கம் ஆட வந்த சீனத் தாத்தா எங்கள் சாமான்களைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பால் பாக்கெட் வேர்த்து, வேர்வையும் காய்ந்தது. சும்மா இருந்த நேரத்தில்தான் எனக்கு அந்தக் கணக்கு தட்டியது.

சூரியன் உதித்து மறையும்வரை உள்ள பகலை எட்டுப் பங்காக்கி, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்குக் கொடுக்கிறார்கள். புதனுக்கு ஐந்தாவது பங்கு. ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்றால் 12 முதல் 1.30 என்று வரும். ஆனால் சிங்கப்பூரில் சூரியன் வருவதே ஏறக்குறைய 7 மணிக்கு, போவதும் 7 மணிக்கு மேல். அப்படியானால் இங்கே புதன்கிழமை ராகு காலம் 1 மணி முதல் 2.30 வரை.

நாங்கள் கதவைத் திறந்தது 1.40-க்கு.

பதினொன்றே முக்காலுக்கே மேலே போயிருந்தால் ராகு வருவதற்குள் பால் பொங்கி, சாப்பாடும் ஆகியிருக்கும். இரண்டு மணி நேரம் காத்திருந்து சரியாக அவர் வாயில் போய் விழுந்தோம். அம்மாவிடம் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்திடம் போய் யார் இதைச் சொல்வது?

வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் தோண்டினேன். இந்தத் தீவின் கடிகாரமே ஓரிடத்தில் நின்றதில்லை. 1933-ல் கிரீன்விச்சுக்கு 7 மணி 20 நிமிடம் முன்னால் என்று வைத்தார்கள். 1941-ல் ஏழரை. 1942-ல் ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரம், அதாவது 9 மணி. போர் முடிந்து மறுபடி ஏழரை. 1982 ஜனவரி 1 பிறக்கும்போது அரை மணி முன்னே தள்ளி 8 ஆக்கினார்கள். தீபகற்ப மலேசியா சபா, சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்கியபோது நாமும் சேர்ந்து மாறினோம். சூரியன் இதில் எதையும் கண்டுகொள்ளவில்லை. ஜப்பானியர் காலத்தில் பொழுது விடியும்போது மணி எட்டு. அப்போதும் இங்கே யாராவது 12-லிருந்து 1.30 வரை வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார்கள், பாவம்.

ஜூரோங் அக்கா

என்னுடையது கிரகணக் கதை. 2019 டிசம்பர் 26, வளைய கிரகணம். எனக்கு ஆறு மாதம். அத்தை முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்: வெளியே தலை காட்டக் கூடாது, கத்தியைத் தொடக் கூடாது, ஊசியில் நூல்கூடக் கோக்கக் கூடாது. மீறினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடுமாம். உதட்டுப் பிளவு ஏற்படுவது கரு உண்டான முதல் இரண்டு மூன்று மாதத்தில், முகம் கூடிவரும்போது. ஆறாம் மாதத்தில் என் பிள்ளைக்கு உதடு எப்போதோ சேர்ந்தாகிவிட்டது. டாக்டர் ஸ்கேனில் காட்டியதை அத்தையும்தான் பக்கத்தில் நின்று பார்த்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

நான் சண்டை போடவில்லை. ஊரிலிருந்து எனக்காக வந்து, வாந்தி நாற்றத்தைச் சகித்துக்கொண்டு சமைத்துப் போடுகிற மனுஷி. "சரி அத்தை, வானத்தைப் பார்க்கல. தரையைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். தரைக்குத் தடை இருக்கிறதா என்று அவருக்கு உடனே தெரியவில்லை. அந்த இடைவெளியில் புகுந்துவிட்டேன்.

எங்கள் காரிடார் தெற்குப் பார்த்தது. சுவர் ஓரம் வெயில் விழும் இடத்தில் என் கணவர் ஜல்லிக்கரண்டியைப் பிடித்தார். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ஊசித்துளைக் கேமரா மாதிரி வேலை செய்யும். முதலில் தரையில் கடித்த பிஸ்கட் போலப் பொட்டு பொட்டாக விழுந்தது. அப்புறம் பிறைகள், வரிசை வரிசையாக. 1.20 தாண்டியதும் ஒவ்வொரு பொட்டும் நடுவில் ஓட்டையாகி வளையலானது. வெளிச்சம் மங்கி, வெயிலின் நிறமே வேறாக இருந்தது. எதிர் வீட்டு மலாய்க்காரப் பையன்கள் மூன்று பேர் ஓடி வந்து உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே பூஜை அறையில் இருந்த அத்தை சத்தம் கேட்டு வாசல்படிவரை வந்தார். படியைத் தாண்டவில்லை, எட்டிப் பார்த்தார். "அடி, எல்லாம் வளையலா கெடக்கு!"

இரண்டு நிமிடந்தான். இங்கே அடுத்த வளையம் 2063-ல்.

சாயங்காலம் அத்தையின் தங்கை ஊரிலிருந்து வீடியோவில் வந்தார். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருந்தாராம், கிரகணம் பிடித்ததும் பிடிமானமே இல்லாமல் நின்றதாம், விட்டதும் விழுந்ததாம். என் கணவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிரகணமும் இல்லை ஒன்றும் இல்லை, சிராங்கூன் ரோட்டில் வாங்கிய எங்கள் உலக்கையை அதே மாதிரி தாம்பாளத்தில் நிறுத்தினார். நான்காவது முயற்சியில் நின்றது. அடி தட்டையாக, நேராக இருந்தால் நிற்கும், பொறுமைதான் வேண்டும். அத்தை அதைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல உலக்கை. எவ்வளவுக்கு வாங்கினே?"

மகளுக்கு உதடு நன்றாகத்தான் இருக்கிறது. வாய்தான் கொஞ்சம் அதிகம்.

பஞ்சாங்கம் பார்க்கிறவன்

செங்காங்வாசி, உங்கள் கணக்கு சரி. ஆனால் அது ஜோசியத்தின் குற்றமில்லை. விவரம் தெரிந்தவர்கள் அந்தந்த ஊர் சூரிய உதயத்தை வைத்துத்தான் கணிப்பார்கள். ஊர் நாள்காட்டியை அப்படியே இங்கே மாட்டினால் இப்படித்தான் ஆகும். உங்கள் அம்மா தவறான அட்டவணையைப் பார்த்ததற்கு ராகு என்ன செய்வார்?

செங்காங்வாசி

நியாயந்தான். ஆனால் ஒரு கேள்வி. இத்தனை வருடம் இத்தனை வீட்டில் தப்பான நேரத்தைப் பார்த்துத் தாலி கட்டியிருக்கிறார்கள், கடை திறந்திருக்கிறார்கள், ஊருக்குக் கிளம்பியிருக்கிறார்கள். அது தப்பான நேரம் என்று ஒருவருக்காவது வாழ்க்கையில் தட்டுப்பட்டிருக்க வேண்டாமா?

பஞ்சாங்கம் பார்க்கிறவன்

யோசிக்கிறேன். கோபமில்லை.

ராத்திரி டியூட்டி

நான் தாதி. இடம் சொல்ல மாட்டேன். கட்டுமான வேலை செய்யும் ஒரு தம்பி, முப்பது வயதிருக்கும், சட்டையைத் தூக்கினார். இடுப்பில் வலப்பக்கம் செங்காவியில் ஒரு சிங்கம். வாலை நன்றாக வளைத்து வரைந்திருந்தார்கள். காவிக்கு அடியில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். அக்கி. தங்கும் விடுதியில் கூட இருக்கும் ஒருவருக்கு எழுதத் தெரியுமாம். ஊரில் குயவர் வீட்டில் போய் எழுதிக்கொள்வோமே, அதேதான்.

தம்பிக்கு வலியைவிடப் பயம் அதிகம். அக்கியின் தலையும் வாலும் இடுப்பைச் சுற்றிச் சேர்ந்துவிட்டால் ஆள் போய்விடுவான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தினமும் கண்ணாடியில் பார்த்து விரலால் அளந்துகொண்டிருந்திருக்கிறார். நான் அவர் முதுகுத்தண்டை விரலால் தொட்டுக் காட்டினேன். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமிதான் நரம்பில் தூங்கிக் கிடந்து இப்போது எழுந்திருக்கிறது. அந்த நரம்பு இங்கிருந்து ஒரு பக்கமாகத்தான் போகிறது. அதனால்தான் வலப்பக்கம் மட்டும். சேராது தம்பி, சேருவதற்கு அங்கே வழியே இல்லை. அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

எனக்கு வருத்தம் வேறு. மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அவர் வந்தது ஐந்தாம் நாள். காவி கொப்புளத்தை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் நான்கு நாளைத் தின்றுவிட்டது. எப்படியும் இரண்டு மூன்று வாரத்தில் அக்கி தானாக வற்றும். வற்றியதும் சிங்கத்துக்குப் பேர் போகும், அடுத்த ஆளுக்கும் அவரே எழுதுவார்.

"இதைத் தொடைச்சிரலாமா அக்கா, ஒண்ணும் ஆகாதே?" என்று இரண்டு முறை கேட்டார். உப்புநீரில் பஞ்சை நனைத்து வாலிலிருந்து தொடங்கினேன்.

மூன்றாம் பங்க்

சின்னக் கதை. தேசிய சேவையில் சேர்ந்த முதல் வாரம். மதம் என்ன என்று கேட்டபோது ஃப்ரீ திங்கர், அதாவது மதமில்லை, என்றேன். பக்கத்துக் கட்டில் சீன நண்பனும் அதையேதான் சொன்னான், அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும் நம் ஆள் ஒருவன் வந்து, "டேய், அப்போ உனக்கு தீபாவளி லீவு வேணாமா?" என்றான்.

2020 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் மதமில்லை என்றார்கள். இந்தியர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்தான். லீவு பயமோ என்னவோ.

முறுக்கு எனக்கு வேண்டும். அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

ஹார்பர்காரர் மகன்

எனக்கு வயது அறுபத்தெட்டு. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பள்ளிக்கூடம் போகாதவர், தமிழ் முரசு நாளிதழைப் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர். பெரியார் 1929 கடைசியில் மலாயா வந்துபோன பிறகு, 1932-ல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது, 1935-ல் கோ. சாரங்கபாணி முரசைத் தொடங்கினார். அந்தக் காற்றில் வளர்ந்தவர் அப்பா. 1954-ல் பெரியார் மறுபடி வந்தபோது கூட்டத்தில் நின்று கேட்டதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நோட்டுப் புத்தகத் தாளில் எழுதி அலமாரியில் வைத்திருந்தார்: மந்திரம் வேண்டாம், மொட்டை வேண்டாம், பதினாறாம் நாள் வேண்டாம், பொம்பளப் பிள்ளைகளும் மண்டாய் தகனச்சாலைக்கு வரட்டும். அவர் போன அன்று கீழ்த்தளத்தில் பங்காளிகள் கூடி என்னைச் சுற்றிக்கொண்டார்கள். பெரியப்பா மகன் கேட்டார், "நாலு பேரு என்னடா சொல்லுவான்?" தாளை எடுத்துக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். மொட்டை இல்லை, மந்திரம் இல்லை. தங்கச்சிகள் இரண்டு பேரும் மண்டாய்க்கு வந்தார்கள். நான் அந்தத் தாளையே வாசித்தேன், அதுதான் சடங்கு.

ஆனால் அப்பாவின் தலைமாட்டில் ஒரு விளக்கு ஏற்றச் சொன்னார் அம்மா. தாளில் விளக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. அப்பா இருந்திருந்தால் "அதெதுக்கு" என்றிருப்பார், எனக்குத் தெரியும். ஏற்றினேன். எண்ணெய் தீரத் தீர ராத்திரி முழுக்க நானேதான் ஊற்றினேன். செய்தது சரியா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்காங்வாசி

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத வரவில்லை.

இதையெல்லாம் படித்த தைரியத்தில் நேற்று அம்மாவிடம் அந்தப் புதன்கிழமைக் கணக்கைச் சொல்லிவிட்டேன். நகைக்கடை நாள்காட்டியின் பின்பக்கத்தில் பகலை எட்டாகக் கோடு போட்டுக் காட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல்விட்டு எண்ணி, "ஆமா, இங்க விடியறதே ஏழு மணிக்குத்தானே" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அப்புறம் பேனாவை வாங்கி, ஏழு கிழமைக்கும் ராகு காலத்தை ஒரு மணி நேரம் தள்ளித் திருத்தி எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகாக.

"அப்போ நாம வீட்டுக்குள்ள வந்தது ராகு காலத்துலயா?"

"ஆமாம்மா. ஆறு வருஷம் ஆச்சு. ஒண்ணும் ஆகலையே."

அம்மா மெதுவாகத் தலையை நிமிர்த்தி, மேல் வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் இறங்கி மஞ்சளாகிப் போன சமையலறைக் கூரையைப் பார்த்தார்.

"அதான் ஒழுகுது."