கூர் வளைவில் மட்டும் பல் விழுகிறது: பதம் தப்பா, சாணை தப்பா?

மாடிமூங்கில் (திருவான்மியூர்), சனி காலை 8.50

மடங்காத கத்தி. அலகு 4 அங்குல நீளம், 30 மி.மீ. அகலம், முதுகு 4 மி.மீ. ஸ்டீல் 1095. கறுப்பு பவுடர் கோட்டிங், மைக்கார்டா பிடி, இரண்டு டார்க்ஸ் ஸ்க்ரூ. கைக்கு இவ்வளவு அடக்கமாக உட்காரும் கத்தி வேறு அமையாது, அதனால்தான் இந்த யோசனையெல்லாம்.

குறை: நுனிக்கு முன்னால் கூர் வளைகிற இடத்தில், 2 செ.மீ. தூரத்துக்குள் ஆறு பல், அதாவது கூர் விளிம்பில் சின்னச் சின்னப் பள்ளம். ஆழமானது அரை மில்லி. பிடியை ஒட்டிய நேர் கூரில் ஒன்றுகூட இல்லை. வேலை மூங்கில் குச்சி சீவுவதும் கயிறு அறுப்பதும்தான். கம்பெனி போட்ட கூர், இதுவரை கல்லில் வைக்கவில்லை. ஓராண்டு வாரண்டியில் எட்டு மாதம் பாக்கி. திருப்பி அனுப்புவதா, இங்கேயே சரிசெய்வதா?

சாணைக்கல் (ராயபுரம்), 9.15

அனுப்பாதீங்க பாஸ். கம்பெனி சாணையில சூடு ஏறுன கேஸ் இது.

பதம், அதாவது கம்பெனி உலையில போட்ட சூட்டு வேலை, தப்புனா கத்தி முழுக்கத் தப்பும். குச்சி சீவும்போது பலமெல்லாம் பிடிகிட்ட இருக்கற கூர்லதான் இறங்கும். அங்க ஒண்ணும் ஆகல, வளைவுல மட்டும் விழுது. ஏன்னா சாணை பெல்ட்டுல வளைவைத் திருப்பும்போது கை ஒரு நொடி தங்கும். கூர் அங்க காகிதம் மாதிரி, சூடு போக வழியில்ல. சூட்டுல நீலம் ஏறியிருந்தாலும் அடுத்த இழுப்புல நிறம் தேஞ்சு போயிடும், கண்ணுக்குச் சிக்காது. கெட்டுப்போன ஆழம் பெரும்பாலும் ஒரு மில்லிக்குள்ளதான். அதை எடுத்துட்டா கீழ நல்ல ஸ்டீல்.

அம்பத்தூர்_உலை, 9.40

சாணைச் சூட்டில் பதம் இறங்கினால் கூர் மிருதுவாகும். மிருதுவான கூர் மடங்கும், உதிராது. இவர் சொல்வது உதிர்வதை.

1095இல் கார்பன் சுமார் 0.95 சதவீதம். தோய்ச்சல் (சிவக்கச் சுட்டுச் சட்டென்று குளிரவைப்பது) முடிந்த கையோடு ராக்வெல் சி என்ற கடின அளவில் 65, 66 இருக்கும். பிறகு பதம் போட 200 டிகிரியில் இரண்டிரண்டு மணி நேரமாக இருமுறை வைத்தால் 60, 61க்கு வரும். 230இல் 58, 59. இந்த இரண்டாவது சூட்டை அவசரமாக முடித்தால் கத்தி முறுகலாகவே, எளிதில் உதிர்வதாகவே நின்றுவிடும்.

வளைவில் மட்டும் ஏன் என்கிறீர்கள். உலையில் மெல்லிய நுனிப்பகுதிதான் முதலில் சூடாகிறது. கனமான பகுதி தோய்ச்சலுக்கு வேண்டிய 800 டிகிரியைத் தொடுவதற்குள் நுனி அதைத் தாண்டிப் போய்விடும். அதிகம் தாண்டினால் உள்ளே கிரெய்ன் (ஸ்டீலின் உள்மணி) பருக்கும். பருத்த கிரெய்னுக்குக் கல்லில் மருந்து கிடையாது, எத்தனை மில்லி எடுத்தாலும் அடியில் அதே ஸ்டீல்தான். இது தயாரிப்புக் குறை. திருப்பி அனுப்புங்கள்.

சாணைக்கல், 9.52

//மிருதுவான கூர் மடங்கும், உதிராது//

சூடு 300, 400ல நின்னாதான் சார் அது. 730ஐத் தாண்டினா திரும்பவும் தோய்ச்சல் ஏறிடும். பின்னாடி இருக்கற கனமான இரும்பே சூட்டை உறிஞ்சிக்கும், எண்ணெய் தண்ணி எதுவும் வேணாம். பதம் போடாத தோய்ச்சல் அது, கண்ணாடி மாதிரி. பொலபொலன்னு உதிரும்.

உப்புக்காத்து (பெசன்ட் நகர்), 10.30

ரெண்டு பேரும் கத்தியைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதுறீங்க. திருவான்மியூர்னு போட்டிருக்கார், கடலோரம். உறை தோலா? தோல் உறைக்குள்ளேயே கத்தியை வெச்சிருந்தா, பதனிட்ட உப்பும் நம்ம ஊர் ஈரமும் சேர்ந்து கூரைத்தான் முதல்ல தின்னும். கூர்ல மட்டும்தான் கோட்டிங் இல்லையே. அரிச்ச குழியும் பார்க்கப் பல் மாதிரியே இருக்கும்.

வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணுல மாட்டுற 10 மடங்கு லூப் ஒண்ணு வாங்கிப் பாருங்க. பிறை வடிவம், உள்ளே பளிச்சுனு இருந்தா உதிர்ந்தது. ஓரத்துல உதடு மாதிரி வளைஞ்ச பிசிறு இருந்தா மடங்கிக் கிழிஞ்சது. அடியில பழுப்போ கறுப்போ இருந்தா துரு.

இன்னொண்ணு, விரிசல் இருக்கான்னு பாருங்க. மண்ணெண்ணெய் தடவி கால் மணி நேரம் விட்டு, சுத்தமாத் துடைச்சு, சாக்பீஸ் பொடி தூவுங்க. விரிசல் இருந்தா எண்ணெய் கசிஞ்சு பொடியில கோடு விழும். விரிசல் விட்ட கத்தியை உலையும் காப்பாத்தாது, கல்லும் காப்பாத்தாது.

மாடிமூங்கில், மாலை 5.20

உறை தோல்தான். லூப்பில் பார்த்ததில் ஆறும் பிறை வடிவம், உள்ளே பளிச்சென்று இருக்கிறது. பிசிறு இல்லை, துருப் புள்ளி இல்லை. சாக்பீஸ் பொடியில் கோடு எதுவும் விழவில்லை.

அம்பத்தூர்_உலை, 5.45

அப்படியானால் முறுகல்தான், துருவும் இல்லை மடங்கலும் இல்லை. அடுத்து பித்தளைக் கம்பி. 6 மி.மீ. கம்பியை வைஸில் படுக்கவைத்துக் கட்டி, கூரின் பக்கத்தை 15 டிகிரி சாய்வில் அதன்மேல் அழுத்தி இழுங்கள். கூர் லேசாகப் புடைத்து, கம்பியைத் தாண்டியதும் நேரானால் பதம் சரி. வளைந்தபடி நின்றால் மிருது. உதிர்ந்தால் முறுகல்.

சாணைக்கல், 5.58

மெல்லிசாத் தேச்ச கூருக்குத்தான் அந்தச் சோதனை பேசும். 4 மில்லி முதுகு, கூருக்குப் பின்னாடியே அரை மில்லி கனம் இருக்கும். நல்லதோ கெட்டதோ, பெரிசா புடைக்காது. பிடிப்பக்கமும் வளைவும் வேற வேற மாதிரி நடக்குதான்னு ஒப்பிட வேணா செஞ்சு பாருங்க.

மாடிமூங்கில், 7.10

செய்தாயிற்று. பிடிப்பக்கம் எதுவும் ஆகவில்லை. வளைவில் பொடிசாக இன்னும் ஒன்று போய்விட்டது.

ரிச்சிதெரு, 8.05

எதுக்கு இவ்வளவு சண்டை? வீட்டு ஓடிஜில 220ல ரெண்டு மணி நேரம் வைங்க. கம்பெனி பதம் குறைச்சலா போட்டிருந்தாலும் சரியாகும், சாணைக்கல் அண்ணன் சொல்ற கண்ணாடித் தோய்ச்சலா இருந்தாலும் சரியாகும். ஸ்க்ரூ பிடிதானே, கழட்டி மாட்டிடலாம். யார் ஜெயிச்சாலும் மருந்து ஒண்ணுதான்.

அம்பத்தூர்_உலை, 8.30

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிரெய்ன் பருத்திருந்தால் 220 அதைத் தொடாது. அதற்கு உலையில் வைத்துக் காற்றில் ஆறவிட்டு, மறுபடி தோய்ச்சல் போட வேண்டும்.

ஓடிஜியின் திருகு 220 என்று சொன்னால் உள்ளே 220 என்று அர்த்தமில்லை. ஹீட்டர் அணைந்து எரிந்து, இருபது டிகிரி மேலும் கீழும் ஊசலாடுவது சகஜம். சிவந்த கம்பியின் நேர் வெப்பம் மெல்லிய கூரில்தான் முதலில் ஏறும். செய்தே தீருவதென்றால் உலர்ந்த ஆற்று மணல் தட்டில் கத்தியைப் புதைத்து, கே வகை தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி) அலகை ஒட்டி வைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். (தெர்மோகப்பிள் உங்கள் தெருவிலேயே கிடைக்கும்.) 205இல் தொடங்கி, சோதித்துவிட்டுத்தான் 220. ஏற்கெனவே கண்ட சூட்டுக்குக் கீழே எத்தனை மணி நேரம் வைத்தாலும் பெரிய மாற்றம் இருக்காது.

நீலம் வந்தால் ஸ்பிரிங் போல உறுதி என்று ஒரு பேச்சு உண்டு. நீலம் 300 பக்கம். இந்த ஸ்டீலில் 260க்கு மேல் 340 வரை உறுதி குறையும். வைக்கோல் நிறத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சாணைக்கல், 8.47

அதிசயமா சார்கூட ஒத்துப்போறேன். இன்னொண்ணு சேர்த்துக்கோங்க. சாணைச் சூடு பட்ட கூர்ல மேல கண்ணாடி, அதுக்கு அடியிலேயே பதம் ரொம்ப இறங்கின மிருது அடுக்கு. ஓடிஜி கண்ணாடியைச் சரி பண்ணும், அடியில இருக்கற மிருதுவைத் திரும்ப ஏத்தாது. கொஞ்ச நாள்ல பல் விழறதுக்குப் பதிலா மடங்க ஆரம்பிக்கும். ரெண்டு அடுக்கையும் தேச்சு எடுக்கறதுதான் வழி.

பவுடர் கோட்டிங்கே 180, 200ல வெந்தது. 220ல ரெண்டு மணி நேரம் வெச்சா நிறம் மாறும், நாத்தம் வரும். அப்புறம் வீட்டுல அந்த ஓடிஜில கேக் செய்யச் சொல்லிப் பாருங்க.

ரிச்சிதெரு, 8.55

கேக் பாயிண்ட் நியாயம்.

அம்பத்தூர்_உலை, 9.10

ஓடிஜி போனது. ஆனால் கல்லுக்கும் அவசரப்பட வேண்டாம். கூரைத் தேய்த்துவிட்டால் ஆதாரம் போய்விடும். “நீங்களே தேய்த்துக் கெடுத்தீர்கள்” என்று விற்றவர் சொல்ல வாய்ப்புக் கொடுக்கக் கூடாது. அதற்குமுன் ராக்வெல் எண் தெரிந்தாக வேண்டும்.

சாணைக்கல், 9.22

அந்த மெஷின் கூம்பை எங்க அடிப்பீங்க? கூர்ல அடிக்க முடியாது, சரிவான இடத்துல எண் தப்பா வரும். தட்டையான இடம்னா பிடிகிட்டதான். அங்க வர்ற எண், நுனி வளைவைப் பத்தி என்ன சொல்லும்? அதுவும் கோட்டிங்கைச் சுரண்டணும். வாரண்டி அதுக்குப் போகாதா?

அம்பத்தூர்_உலை, 9.41

பிடியைக் கழற்றுங்கள். உள்ளே போகும் வாலில் அடிக்கலாம், வெளியே தெரியாது. ஸ்க்ரூவில் பசை போட்டிருந்தால் சால்டரிங் அயர்ன் நுனியை அரை நிமிடம் தலையில் வையுங்கள், பசை இளகும். இல்லாவிட்டால் டார்க்ஸ் தலை வழன்றுவிடும். வாலில் இருபுறமும் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கோட்டிங் போக வேண்டும். அடிப்பக்கக் கோட்டிங் நசுங்கினாலும் எண் குறைத்துக் காட்டும். 120 டிகிரி வைரக் கூம்பு, 150 கிலோ சுமை. 60 என்ற எண்ணுக்குப் பள்ளம் 0.08 மி.மீ. ஆழம்தான், கத்திக்கு ஒன்றும் ஆகாது. மூன்று இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள். அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டுகளில் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளில் ராக்வெல் மெஷின் இருக்கும்.

எண் 62க்கு மேல் வந்தால் கத்தி முழுவதற்கும் பதம் குறைவு. யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019 சட்டப்படி நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. 58 முதல் 60 வரை வந்தால் மொத்தப் பதம் சரி, குறை அந்த வளைவில் மட்டும். அதற்கு சாணையும் காரணமாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

சாணைக்கல், 9.50

இது நியாயமான பேச்சு. ஆனா சில கம்பெனிங்க வாலை மட்டும் தனியாச் சுட்டு மிருதுவாக்குவாங்க. 50க்குக் கீழ எண் வந்தா அதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

மாடிமூங்கில், செவ்வாய் மாலை 6.30

மூன்று எண்: 59, 59, 60. விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். கூர் தீட்டினால் வாரண்டி போகாது, அலகின் வடிவத்தை மாற்றினால் போகும் என்று பதில். எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாணைக்கல், 6.44

அப்ப கல்லை எடுங்க. தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட மட்டும் தராதீங்க. மிதி சக்கரம்னாகூடப் பரவால்ல, இப்ப நிறைய பேர் மோட்டார் வெச்சிருக்காங்க. 6 அங்குலக் கல் நிமிஷத்துக்கு 2,800 சுத்துல ஓரம் விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். சூட்டுல போன கூரை மறுபடி சூட்டுலயே போடுறது.

220 நம்பர் (மணியோட பொடிசு அளவு) கார்போரண்டம் கல், தண்ணி ஊத்திக்கிட்டே கையால. (கல்லுக்குப் பஞ்சமில்ல, 1954ல தொடங்குன கார்போரண்டம் யுனிவர்சலோட திருவொற்றியூர் ஆலை எங்க ஏரியாவுக்கு அடுத்தாப்புலதான்.) முதல்ல கூரைக் கல்லுக்குச் செங்குத்தா நிறுத்தி, ரொட்டி அறுக்கற மாதிரி தேய்ங்க. பல்லோட அடி மறையற வரைக்கும், அதாவது அரை மில்லி. வளைவுல மட்டும் எடுத்தா அங்க பள்ளமாயிடும். நுனியிலேர்ந்து பிடி வரைக்கும் ஒரே சீரா எடுங்க, அப்பதான் வடிவமும் மாறாது. வெளிச்சத்துல கூர் வெள்ளைக் கோடா மின்னும், பயப்படாதீங்க.

அப்புறம் சாய்வு. பக்கத்துக்கு 20 டிகிரி. அலகு 30 மில்லி அகலம்னா முதுகு கல்லுலேர்ந்து 10 மில்லி எழும்பணும். மூங்கிலுக்கு 15 வெச்சா கணுவுல மறுபடி போகும். கூர்ப்பட்டையில (கூரோட சரிவுல) மார்க்கர் தடவிட்டு ரெண்டு இழுப்பு இழுங்க. மசி எங்க மிச்சம் நிக்குதோ அங்க சாய்வு தப்பு. வளைவுக்கு வரும்போது பிடியைக் கொஞ்சம் தூக்கணும், இல்லாட்டி அங்க மட்டும் கூர் ஏறாது. வெள்ளைக் கோடு மறைஞ்சு, முழு நீளத்துக்கும் பிசிறு எழும்பினதும் 400, பிறகு 1000. கடைசியா தோல்ல பின்பக்கமா இழுத்துப் பிசிறை எடுங்க. பிசிறு மிச்சமிருந்தா முதல் குச்சியிலேயே ஒடியும், மறுபடி பல் விழுந்துச்சுன்னு இங்க வந்து எழுதுவீங்க.

அம்பத்தூர்_உலை, 7.05

ஒரு கணக்கு. இந்த அலகில் ஒரு மில்லி மேலே போனால் கனம் சுமார் 0.12 மி.மீ. கூடும். கூருக்குப் பின்னால் கனம் 0.5 என்றால் 0.62 ஆகும், கூர்ப்பட்டை 0.73இலிருந்து 0.9 மி.மீ. அகலத்துக்கு வரும். ஒருமுறைக்கு இது பரவாயில்லை. இரண்டாவது மில்லிக்குப் போனால் பக்கங்களையும் தேய்த்து மெலிதாக்க வேண்டிவரும், கோட்டிங் போகும், வாரண்டியும் போகும். அதனால் அரை மில்லியில் நிறுத்திச் சோதித்துப் பாருங்கள்.

உப்புக்காத்து, 7.30

தேய்ச்ச அன்னைக்கே எண்ணெய் போடுங்க, இங்க ஒரே ராத்திரியில பழுப்பு ஏறிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானா பிசுபிசுன்னு காறிப்போகும். தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும். தோல் உறை வெளியில எடுத்துப் போகும்போது மட்டும்.

மாடிமூங்கில், ஞாயிறு மதியம் 12.15

0.6 மி.மீ. எடுத்து 20 டிகிரியில் கூர் போட்டாயிற்று. மூங்கில் கணுவில் இருபது வெட்டு. வளைவில் மற்ற இடமெல்லாம் அப்படியே நிற்கிறது. நுனியிலிருந்து 15 மி.மீ. தள்ளி ஒரே ஒரு இடம் மட்டும் மறுபடி உதிர்ந்தது, இந்த முறை 0.2.

சாணைக்கல், 12.22

சொன்னேன்ல, மத்த இடமெல்லாம் சரியாயிடுச்சு. பெல்ட் தங்குன இடம் அந்த மிச்சம் ஒண்ணுதான், சூடு அங்க கொஞ்சம் ஆழமா இறங்கியிருக்கு. இன்னும் 0.3 எடுங்க.

அம்பத்தூர்_உலை, 12.40

எடுக்காதீர்கள். மறுபடி மறுபடி அதே இடம் என்றால் எனக்குச் சந்தேகம் வேறு. முதல் தடவை மண்ணெண்ணெய் தடவியபோது மேலே கோட்டிங் இருந்தது, அது விரிசலை மூடியிருக்கலாம். இப்போது அங்கே வெறும் ஸ்டீல் கூடுதலாகத் தெரியும். அந்த ஒரு செ.மீ.க்கு மட்டும் இன்னொரு முறை மண்ணெண்ணெய் போடுங்கள், கால் மணி நேரம் போதாது, இரவு முழுக்க ஊறட்டும். கோடு விழுந்தால் அந்தச் சாக்பீஸ் பொடியோடு படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். விழாவிட்டால் 0.3 எடுங்கள், நான் குறுக்கே வரவில்லை.