மறு: தோட்டாவோடு உள்ளே போகும் தகட்டுக்கு என்ன சொல்?

வணக்கம்.

> பழைய இத்தாலிய கர்கானோ துப்பாக்கிக்குத் தோட்டா தேடுவது பற்றிய கட்டுரையில் 'கிளிப்' வரும் இடமெல்லாம் 'கவ்வி' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

எனக்குச் சரியாகப் படவில்லை ஐயா. கவ்வி என்றதும் காகிதத்துக்கும் கொடியில் காயும் துணிக்கும் போடுவதுதான் நினைவுக்கு வரும். கர்கானோவில் அது துணைப்பொருள் அல்ல. ஆறு தோட்டாக்களை அடுக்கிய பித்தளை அல்லது எஃகுச் சட்டம் தோட்டாக்களோடு சேர்ந்தே துப்பாக்கிக்குள் போகிறது. கடைசித் தோட்டா அறைக்குள் ஏறியதும் காலிச் சட்டம் அடிப்பக்கத் திறப்பு வழியாகக் கீழே விழுகிறது. ஆஸ்திரியரான மான்லிஹரின் ஏற்பாடு இது. மான்லிஹர்-கர்கானோ என்று இரட்டைப் பெயர் வந்ததும் இதனால்தான். சட்டம் இல்லையென்றால் அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கியாக அது வேலை செய்யாது. எனவே தோட்டா தேடுகிறவர் சட்டத்தையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கிறது.

> 'தோட்டாக் கிடங்கு' என்று வைத்தால்?

கிடங்கு மகசினுக்குத்தான், அதாவது துப்பாக்கிக்குள் தோட்டாக்கள் காத்திருக்கும் பெட்டிக்குத்தான், பொருந்தும். அதற்குமே ஈழத்தில் புழங்கும் ரவைக்கூடு இருக்கும்போது வேறு எதற்கு?

என் பரிந்துரை: செருகுசட்டம். ஜெர்மனியின் மாவுசர் வகைத் துப்பாக்கிகளில் கிளிப் வெளியிலேயே நின்றுவிடும், தோட்டாக்கள் மட்டும் உள்ளே தள்ளப்படும். அதற்கு ஏற்றுபட்டை. இரண்டும் வினைத்தொகை; தயவுசெய்து நடுவில் ச், ப் போட்டுவிடாதீர்கள்.

> இரண்டு தனிச் சொல் தேவையா? படிப்பவருக்குக் குழப்பம்தானே.

ஒரே சொல்லாக இருந்தால்தான் குழப்பம். கர்கானோ குடும்பத்துக்குள்ளேயே இரண்டும் உண்டு. 1930களின் இறுதியில் ஜப்பானியக் கடற்படைக்கு இத்தாலி செய்துகொடுத்த 'ஐ' வகைத் துப்பாக்கியின் போல்ட் (அறையை அடைக்கும் தாழ்) கர்கானோ. ரவைக்கூடு மாவுசர் பாணி. தோட்டா ஜப்பானின் 6.5×50 (குண்டின் அளவு × உறையின் நீளம், மி.மீ.). அதற்கு ஏற்றுபட்டை. இத்தாலியப் படையின் 1891 மாதிரிக்கு 6.5×52, செருகுசட்டம். '6.5 கர்கானோ, கவ்வியுடன்' என்று மட்டும் எழுதினால், அந்த ஜப்பானிய வகையை வைத்திருப்பவர் தோட்டா, கிளிப் இரண்டையும் தப்பாக வாங்கிவிடுவார். தோட்டா மாறினால் பண நஷ்டத்தோடு நிற்காது, ஆபத்தும்கூட.

> 'சர்பிளஸ்', 'கரோசிவ்' இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

முதலாவது படை உபரி. அதில் சிக்கல் இல்லை. இரண்டாவதற்கு நீங்கள் போட்ட 'அரிக்கும் தோட்டா' வேண்டாம். சொறியச் சொல்வது போல இருக்கிறது! மேலும், அந்தக் குணம் தோட்டா முழுவதற்கும் உரியதல்ல. பழைய படைத் தோட்டாக்களின் கேப்பு (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடித்ததும் குழலில் ஒரு உப்பு தங்கும். அது ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். ஆகவே 'துருவேற்றும் கேப்பு'. சுட்டபின் குழலைத் தண்ணீரால் கழுவி எண்ணெய் போட வேண்டும் என்பதையும் கட்டுரையில் சேருங்கள், வெறும் எண்ணெயில் உப்பு கரையாது.

கிடைக்கும் வழி பற்றிய பகுதியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 6.5×52 தோட்டாவைச் செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான் ஆலை புதிதாகவே செய்கிறது, எல்லாரும் படை உபரியையே நம்பியில்லை. அமெரிக்க அதிபர் கென்னடி கொலையில் கர்கானோவில் பயன்பட்ட தோட்டாவும் அமெரிக்க வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனி செய்ததுதான், இத்தாலியச் சரக்கு அல்ல. உண்மையில் திண்டாடுவது 7.35 மி.மீ. வைத்திருப்பவர்கள். 1938இல் இத்தாலி அந்த அளவுக்கு மாறத் தொடங்கியது, போர் வந்ததும் கைவிட்டு 6.5க்கே திரும்பியது, 7.35 துப்பாக்கிகளில் பல பின்லாந்துக்குப் போயின. கொஞ்ச காலமே நீடித்த அளவுக்கு யார் ஆலை ஓட்டுவார்கள்?

அப்புறம், உங்கள் மூன்றாம் பத்தியில் 'தோட்டாவின் விட்டம் 6.8 மி.மீ.' என்றிருக்கிறது. அது குண்டின் விட்டம். தோட்டா என்பது உறை, மருந்து, கேப்பு, குண்டு எல்லாம் சேர்ந்தது. 6.5 என்று பெயர்கொண்ட மற்ற துப்பாக்கிகளின் குண்டு சுமார் 6.7 மி.மீ. தான், அதைக் கர்கானோவில் போட்டால் குழலின் பள்ளங்களில் சரியாகப் பிடிக்காமல் குறி சிதறும். அந்த ஒரு புள்ளி வித்தியாசத்துக்காகத்தான் ஆட்கள் 6.8 குண்டைத் தேடி அலைகிறார்கள், எனவே சொல் மாறக்கூடாது.