ஜெர்மனியில் எம்.எஸ்.: மொழி வகுப்பு, கலாச்சார வகுப்பு இரண்டிலும் சேரணுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வணக்கம். அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு ஜெர்மனி போகிறேன். பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தான். வாரம் இரண்டு மாலை ஜெர்மன் ஏ1 (ஆரம்ப நிலை) வகுப்பு, சனிக்கிழமை ஒரு கலாச்சார வகுப்பு, விருப்பமிருந்தால் பெயர் கொடுங்கள் என்று மெயில் வந்திருக்கிறது. மொழிக்கு 4 கிரெடிட், கலாச்சாரத்துக்கு 2. டிகிரிக் கணக்கில் இரண்டும் சேராது.

நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். மலையாளத்தை எனக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. பாலக்காடு பஸ்ஸிலும் பஞ்சாயத்து ஆபீஸிலும் அப்பாவின் காய்கறிக் கடையிலும் காதில் விழுந்தே வந்துவிட்டது. ஜெர்மனும் அப்படி வந்துவிடாதா?

குப்பம் பையன்:

முதல் செமஸ்டரில் வேண்டாம் ப்ரோ. ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது அங்கே கணக்கு. உன் ஆறு கிரெடிட்டுக்கு குறைந்தது 150 மணி நேரம். மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம், அதில் நேரத்தைப் போடு. நான் 'டாங்கெ' (நன்றி), 'ச்யூஸ்' (போய்ட்டு வரேன்) இரண்டை வைத்தே இரண்டு வருஷம் ஓட்டினேன்.

குழித்துறை அக்கா:

தம்பி, நானும் உன்னை மாதிரிதான் நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் குடிக்க 'வெள்ளம்' கேட்டால் தண்ணீர் வரும். சென்னை ஹாஸ்டலில் அதே வார்த்தையைச் சொல்லி ஒரு வாரம் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். இரண்டு மொழிக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு மூன்றாவது என்ன பெரிய விஷயம் என்று ஒரு திமிர்.

ஒன்றை யோசித்துப் பார். நீ மலையாளத்தில் தப்பாகப் பேசினால் பஸ் கண்டக்டர் திருத்துவார், கேலியாவது செய்வார். ஜெர்மனியில் நீ ஒரு வாக்கியத்தில் தடுமாறினால் போதும், எதிரில் இருப்பவர் மரியாதையாக ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். லேபில், கேன்டீனில், எங்கேயும் இதேதான். ஒரு வருஷம் இருந்தும் என் காதில் ஒன்றும் ஒட்டவில்லை. நான் பேசுவதை நிறுத்தித் திருத்திய ஒரே ஆள் மாலை வகுப்பு டீச்சர்தான்.

அந்த வகுப்பில் நான் சேர்ந்ததே ஒரு அவமானத்துக்கு அப்புறம். ஒரு பேக்கரியில் பகுதி நேர வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், 'ஹால்ப் ஆஹ்ட்' வரச் சொல்லி. 'பாதி எட்டு', அதாவது எட்டரை என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். அவர்களுக்கு அது எட்டை நோக்கிப் பாதி, ஏழரை. போய் நின்றபோது வேறொரு பெண் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றாள்.

நமக்குச் சில விஷயம் சுலபம். 'டு', 'ஸீ' என்ற வித்தியாசம் நம் நீ, நீங்கள்தான். 'ஏனென்றால்' என்று தொடங்கும் வாக்கியத்தில் வினைச்சொல் நம்மைப் போலவே கடைசிக்குப் போகும். எண்தான் படுத்தும். 25ஐ 'ஐந்தும் இருபதும்' என்பார்கள், போன் நம்பர் எழுதிப் பார், தெரியும்.

கலாச்சார வகுப்பைப் பற்றி அவ்வளவு உயர்வாகச் சொல்ல மாட்டேன். 'இந்தியர்கள் தலையை ஆட்டுவார்கள், இந்தி பேசுவார்கள்' என்று ஒரு ஸ்லைடு. நான் எழுந்து, எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, பாட்டி படித்தது மலையாளப் பேப்பர், வீட்டில் ஓணமும் உண்டு பொங்கலும் உண்டு என்று சொன்னேன். வகுப்பெடுத்த அம்மா கொஞ்ச நேரம் ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போடக்கூடாது, பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. கீழ் வீட்டுத் தாத்தாவிடம் திட்டு வாங்கியும் தெரிந்துகொள்ளலாம், அதற்கு கிரெடிட் கிடையாது. மொழியில் கட்டாயம் சேர். சனிக்கிழமை உன் இஷ்டம்.

குப்பம் பையன்:

சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தந்தார்கள். அதில் ஏழு மாதம் எனக்கு பி1 (நடுத்தர நிலை) ஜெர்மன் வகுப்பிலேயே போனது. போன இடமெல்லாம் முதல் கேள்வியே "ஜெர்மன் தெரியுமா?" அப்போதே சேர்ந்திருக்கலாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. மொழி வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஏ1ஐ இங்கேயே தொடங்க முடியுமா?

குழித்துறை அக்கா:

திருவனந்தபுரத்தில் கோதே சென்ட்ரம் என்ற ஜெர்மன் மொழி மையம் இருக்கிறது. இல்லையென்றால் எண்களையும் மணி சொல்வதையும் மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போ. அங்கே போனதும் 'டாண்டெம்' என்று கேள். உன் மொழியை ஒருவருக்கு நீ சொல்லித் தருவாய், அவர் ஜெர்மன் சொல்லித் தருவார். காசு கிடையாது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

அதில் தமிழ், மலையாளம் இரண்டும் தெரியும் என்று எழுதலாமா?

குழித்துறை அக்கா:

எழுது. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டையும் சொல்லித் தராதே. 'சம்சாரம்' ஒன்றில் பேச்சு, மற்றதில் பெண்டாட்டி என்று விளக்குவதற்குள் உன் ஜெர்மன் நேரம் முடிந்துவிடும்.