மேனேஜர் நார்சிஸ்ட், டைரக்டர் பைபோலார்: ஆளாளுக்கு டாக்டரா?

பெல்லந்தூர்வாசி:
எங்கள் ஆபீஸில் தமிழ்க்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கொஞ்ச நாளாக அதில் ஒரே பேச்சு. மேனேஜர் நார்சிஸ்ட் (தன்னைத் தவிர யாரையும் மதிக்காதவர்), டைரக்டர் பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறும் நோய்), டெஸ்டிங் டீமில் இருக்கும் பெண்ணுக்கு ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் துரத்தும் நோய்). அப்படி என்னதான் செய்தார்கள்? நாங்கள் போட்ட டிசைனை மேனேஜர் தன்னுடையது என்று கிளையன்ட்டிடம் காட்டினார். டைரக்டர் திங்கட்கிழமை சிரிப்பார், செவ்வாய்க்கிழமை கத்துவார். அந்தப் பெண் எக்செல் ஷீட்டில் கலர் மாறியிருந்தால் திருத்தச் சொல்வார். முதலாவது திருட்டு, இரண்டாவது முன்கோபம், மூன்றாவது ஒழுங்காக வேலை பார்ப்பது. இதற்கெல்லாம் நோய்ப்பெயர் எதற்கு? குழுவில் கேட்டேன். நான் 'கேஸ்லைட்டிங்' செய்கிறேனாம், அதாவது நடந்ததை நடக்கவே இல்லை என்று சாதித்து அவர்கள் புத்தியையே அவர்கள் சந்தேகப்பட வைக்கிறேனாம்!

அல்சூர் அக்கா:
தம்பி, உங்களுக்கு ஆபீஸ் வம்பு. எனக்கு அது வாழ்க்கை. கல்யாணமாகி வந்த வீட்டில் காலையில் சொன்னதை மாலையில் சொல்லவே இல்லை என்பார்கள். என் வளையலை எடுத்து வைத்துக்கொண்டு நான்தான் தொலைத்தேன் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். எனக்கே புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்தேன். பெரியவர்களிடம் போனால் 'அனுசரித்துப் போம்மா', அவ்வளவுதான். கேஸ்லைட்டிங் என்று யாரோ ஒரு வீடியோவில் விளக்கியபோதுதான் இது ஊர் உலகத்தில் நடக்கிற அக்கிரமம், என் தலையில் கோளாறில்லை என்று தெளிந்தது. அதற்கும் டாக்டர் சீட்டு வேண்டுமா?

நர்ஸம்மா_ஜெயநகர்:
மனநல வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அல்சூர் அம்மா சொல்வது நோய் இல்லை, ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் கொடுமை. அதைத் தாராளமாகச் சொல்லலாம். மற்ற மூன்றும் அப்படியில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் என்ற நோய்க் கையேட்டில் நார்சிஸ்ட் ஆளுமைக் கோளாறுக்கு 9 அடையாளங்கள் உண்டு. குறைந்தது 5 இருக்க வேண்டும். அதுவும் இளவயதிலிருந்தே, வீடு, வேலை, நட்பு எல்லா இடத்திலும் தெரிய வேண்டும். ஆபீஸில் மட்டும் பார்க்கிற ஒருவரைப் பற்றி இதை எப்படிச் சொல்வீர்கள்? உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இந்தப் பெயரே தனி நோயாக இல்லை. ஆளுமைக் கோளாறு என்று ஒன்றுதான், அது எவ்வளவு கடுமை என்பதைத்தான் பார்க்கிறார்கள். பைபோலாரில் வரும் மேனியா, அதாவது அளவு மீறிய உற்சாக நிலை, பொதுவாக ஒரு வாரமாவது நீடிக்கும். தூக்கமே இல்லாமல், கடன் வாங்கிச் செலவு செய்துகொண்டு, தன்னால் முடியாதது எதுவுமில்லை என்று திரிவார்கள். திங்கள் சிரிப்பு, செவ்வாய் கத்தல் எல்லாம் அதில் சேராது. ஓசிடி என்றால், உதாரணத்துக்கு, கையைக் கழுவிக் கழுவித் தோல் வெடித்து, நிறுத்தவும் முடியாமல் அழுதுகொண்டே மறுபடி கழுவுவது. எக்செல் கலரை அதோடு சேர்க்காதீர்கள்.

கோரமங்கலா கோடர்:
நர்ஸம்மா, காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்வதற்கு ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டரைத் தேடுவோமா? கேன்டீன் பேச்சு வேறு, கேஸ் ஷீட் வேறு. சென்னைக்காரன் கோபம் வந்தால் கீழ்ப்பாக்கம் என்பான், இங்கே பெங்களூரில் மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ் பெயரைச் சொல்கிறோம். ரொம்ப காலமாக நடப்பதுதானே? கேட்பவனுக்கும் அது நோய் இல்லை என்று தெரியும்.

பெயர் வேண்டாம்:
எனக்குத் தெரியாது, கோடர். எனக்கு பைபோலார். அதற்கான மருந்து லித்தியம் சாப்பிடுகிறேன். ரத்தத்தில் அதன் அளவு, தைராய்டு, கிட்னி எல்லாம் அவ்வப்போது பார்க்க வேண்டும். அந்த டெஸ்டுக்காக லீவு போடும்போது 'பல் வலி' என்று எழுதுகிறேன். கத்துகிற டைரக்டரை பைபோலார் என்று சொல்லிச் சிரிக்கிற மேஜையில் வேறு எதை எழுதுவது?

கோரமங்கலா கோடர்:
உங்களைச் சொல்லவில்லை, பாஸ்.

பெயர் வேண்டாம்:
தெரியும். எப்போதும் யாரும் என்னைச் சொல்வதில்லை.

வக்கீல்_சிவாஜிநகர்:
கோர்ட் பக்கத்திலிருந்து ஒன்று. விவாகரத்துக்கு வருகிறவர்கள் இப்போது 'அவர் நார்சிஸ்ட், மனுவில் போடுங்கள்' என்கிறார்கள். போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே 'எந்த டாக்டர் சொன்னார்?' என்பதுதான். நிஜமான நோய்ப்பெயர் இருந்தாலும் அது மட்டும் போதாது. ராம் நாராயண் குப்தா வழக்கில் 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை வைத்து மட்டும் விவாகரத்து கிடையாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2017 மனநலச் சட்டத்தின் 3-ஆம் பிரிவும் சிகிச்சை போன்ற சட்டப்படியான தேவை இல்லாமல் ஒருவரை மனநோயாளி என்று வகைப்படுத்தக் கூடாது என்கிறது. அல்சூர் மேடம், வளையல் கதையைத் தேதியோடு எழுதிக் கொடுத்திருந்தால் 'கொடுமை' என்ற காரணத்திலேயே வாதாடலாம்.

அல்சூர் அக்கா:
எழுதி வைக்கணும் என்ற நினைப்பே முதலில் இது தப்பு என்று புரிந்த பிறகுதான் வரும், சார். அந்தப் புரிதல் எங்களுக்குக் கோர்ட்டிலிருந்து வரவில்லை. வீடியோவில் இருந்துதான் வந்தது. நார்சிஸ்ட்டை வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கேஸ்லைட்டிங்கை நான் விடுவதாக இல்லை.

பெல்லந்தூர்வாசி:
அக்கா, அதை உங்களிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. டிசைன் பற்றி ஒரு கேள்வி கேட்ட எனக்கும் அதே பெயர், உங்கள் வளையலை ஒளித்தவர்களுக்கும் அதே பெயர் என்றால் நஷ்டம் எனக்கில்லை, உங்களுக்குத்தான். நாளைக்கு இன்னொரு பெண் வந்து சொல்லும்போது 'இதுவும் அப்படி ஏதோ ஆபீஸ் சண்டைதான்' என்று போய்விடுவார்கள்.

நர்ஸம்மா_ஜெயநகர்:
1964-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை, அதிபர் தேர்தலில் நின்ற கோல்ட்வாட்டரின் மனநிலையைப் பற்றி அவரைப் பார்த்தே இராத மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டு அச்சிட்டது. அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். பரிசோதிக்காத ஒருவரைப் பற்றிப் பொதுவில் சொல்லக் கூடாது என்று 1973-இல் அங்கே மருத்துவர்களுக்கே விதி போட்டார்கள். படித்தவர்களுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் நம் குழுக்களை என்ன சொல்ல! 'பெயர் வேண்டாம்' தம்பி, எப்போதாவது பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416. தமிழிலும் பேசலாம்.

கோரமங்கலா கோடர்:
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். 'டாக்ஸிக்', அதாவது விஷம் மாதிரி ஆள், என்று சொல்லலாம்தானே? அது எந்தக் கையேட்டிலும் நோய் இல்லையே.

வக்கீல்_சிவாஜிநகர்:
சொல்லுங்கள். ஆனால் மேனேஜர் பெயரைப் போட்டு வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். உங்கள் குழுவில் அவருக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிற ஆள் ஒருவராவது இருப்பார்.