வெப் தகட்டின் வெட்டு நெளிவு: கணக்கிலும் சைட்டிலும் கண்டவை

உருக்குக் கர்டரின் நிமிர்ந்த நடுத்தகடான வெப்பில் ஸ்டிஃப்னர் (விறைப்புப் பட்டை) நிற்கிறது, ஆகவே வெட்டு விசையில் அது பக்கவாட்டாக நெளியாது என்று கணக்கை அதோடு விட்டுவிடுவதைத்தான் அடிக்கடி காணக்கூடியதாக இருக்கிறது. ஒரு கர்டரை எடுங்கோ: வெப் உயரம் 1200 மிமீ, தடிப்பு 8 மிமீ, எஸ் 275 உருக்கு (சதுர மிமீக்கு 275 நியூட்டனில் நிரந்தரமாக உருமாறத் தொடங்குவது). உயரத்தைத் தடிப்பால் பிரித்தால் 150. ஐரோப்பிய உருக்குக் கட்டமைப்பு விதியான யூரோகோட் 3, பகுதி 1-5 இன்படி இடை ஸ்டிஃப்னர் இல்லாத வெப்பில் இது 55 ஐத் தாண்டினாலே நெளிவு பார்க்கவேண்டும்.

1200 மிமீக்கு ஒரு ஸ்டிஃப்னர் வைத்தால் நெளிவுக் குணகம் 5.34 + 4×(உயரம்÷இடைவெளி)² = 9.34. அதை உருக்குக்குரிய மாறிலி 1,90,000 ஆல் பெருக்கி 150 இன் வர்க்கத்தால் பிரிக்க, சதுர மிமீக்கு 79 நியூட்டன். இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். 79 என்பது தகடு நெளியத் தொடங்கும் தகைப்பு (சதுர மிமீக்கான விசை), தாங்கும் எல்லை அல்ல. நெளிந்த பிறகும் தகடு மூலைவிட்டமாக இழுபட்டுச் சுமக்கும். மெலிவு (தகடு எவ்வளவு எளிதில் நெளியும் என்ற அளவு) 0.76×√(275÷79) = 1.42, குறைப்புக் காரணி 0.83÷1.42 = 0.58, வலிமை ஏறக்குறைய 890 கிலோநியூட்டன். கர்டரைத் தாங்கும் ஆதாரங்களில் மட்டும் ஸ்டிஃப்னர் இருந்தால் 673 தான். பாலமென்றால் இரண்டையும் பாதுகாப்புக் காரணி 1.1 ஆல் பிரியுங்கோ.

—

அண்ணை, அந்த 890 ஐ எடுக்க ஸ்டிஃப்னரே வளையாமல் நிற்கவேணும். இந்த இடைவெளிக்குத் தேவையான சடத்துவத் திருப்பம் (வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டு அளவு) 1.5×உயரம்³×தடிப்பு³÷இடைவெளி², அதாவது 92 செமீ⁴. ஒரு பக்கம் மட்டும் 65×8 பட்டை இரும்பு ஒட்டினால், இரு புறமும் 111 மிமீ வெப்பைச் சேர்த்தும் 73 தான் வரும். அதை வைத்துக்கொண்டு 9.34 ஐப் பாவிக்க ஏலாது. 80×8 என்றால் 127. 15 மிமீ அகலத்தில் கணக்கே மாறிவிடுகிறது! அகலத்தைக் கூட்டுகிறோம் என்று 100×6 போடவும் கூடாது. எஸ் 275 இல் பட்டையின் அகலம் தடிப்பின் 12 மடங்குக்கு மேல் போனால் பட்டையே முறுகும்.

—

தம்பி சொன்னது சரி. யாழ்ப்பாணக் கடனீரேரி ஓரத்துச் சங்குப்பிட்டி, நாவற்குழிப் பக்கத்து உப்புக் காற்றில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். வெப் முழுக்க 1 மிமீ தேய்ந்தால் வலிமை தடிப்பின் வர்க்கத்தோடு இறங்கும்: 890 இலிருந்து 682. எட்டில் ஒன்றுதான் போனது, ஆனால் வலிமையில் 23 வீதம் போய்விட்டது.

அளக்கும்போது பெயின்ற்றைச் சுரண்டிவிட்டு வையுங்கோ. சாதாரண அல்ட்ராசோனிக் கேஜ் பெயின்ற்றையும் உருக்காகவே வாசிக்கும், அதுவும் அதன் உண்மைத் தடிப்பைவிடக் கூட்டி. கீழ் பிளேஞ்சுக்கு (கர்டரின் கிடைத் தகட்டுக்கு) மேலே, ஸ்டிஃப்னர் மூலையில் உப்பும் தூசியும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் அங்கேதான் வையுங்கோ. புதிதாக ஒட்டுகிறவர்கள் இடை ஸ்டிஃப்னரின் வெல்டிங்கை, இழுவைப் பிளேஞ்சின் வெல்டிங்குக்கு வெப் தடிப்பின் 4 முதல் 6 மடங்கு முன்பாகவே நிறுத்துங்கோ. 8 மிமீ வெப்புக்கு 32 முதல் 48 மிமீ. இடைவெளி இதைவிடக் குறைந்தால் அந்தத் துண்டு வெப் உள்ளே வெளியே மடங்கி, வெல்டிங் விளிம்பில் களைப்பு வெடிப்பு (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் வெடிப்பு) ஓடும்.