மறுமொழி: 'பேப்பர்ஸ்' என்பதற்குத் 'தாள்வைப்பு' சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ஒருவரிடம் சேர்ந்து, பிறகு நூலகத்திலோ காப்பகத்திலோ தங்கும் கடிதங்களையும் குறிப்புகளையும் ஆங்கிலத்தில் 'பேப்பர்ஸ்' என்கிறார்கள். அமெரிக்க அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டரின் 'பேப்பர்ஸ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வந்த முன்மொழிவுகளுக்கு என் மறுமொழி இது.

> 'டேனியல் வெப்ஸ்டரின் தனிப்பட்ட ஆவணங்கள்' என்றே எழுதலாமே?

ஐயா, எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆவணம் என்றதும் நமக்குப் பத்திரப்பதிவு நினைவுக்கு வருகிறது, அரசுக் கோப்பு நினைவுக்கு வருகிறது. வெப்ஸ்டர் இரண்டு முறை (1841–43, 1850–52) அமெரிக்க வெளியுறவுச் செயலராக இருந்தவர். அந்தப் பதவியில் அவர் எழுதி அரசிடம் தங்கிய கோப்புகள் வேறு. அவர் கையிலும் வீட்டிலும் சேர்ந்த கடிதங்கள், வழக்குக் குறிப்புகள், பேச்சுக் குறிப்புகள் வேறு. காப்பகத்தார் முன்னதை ரெக்கார்ட்ஸ் என்றும் பின்னதைப் பேப்பர்ஸ் என்றும் பிரிக்கிறார்கள். 'ஆவணம்' முன்னதற்கே இருக்கட்டும். 'தனிப்பட்ட' என்பதும் இடிக்கிறது. செனட்டில் பேசுவதற்கு எழுதிவைத்த குறிப்பு எப்படித் தனிப்பட்டதாகும்?

> வெறுமனே 'தாள்கள்' போதும்.

'வெப்ஸ்டரின் தாள்கள்' என்றால் மரபு தெரிந்தவர் காதில் அவருடைய பாதங்கள் என்றுதான் விழும். மாணவர்களுக்கோ விடைத்தாள். அதைவிடப் பெரிய குறை, ஒருவர் வாழ்வோடு சேர்ந்து வளர்ந்து ஓரிடத்தில் தங்கியது என்ற பொருள் அதில் இல்லை.

'எச்சம்' என்ற முன்மொழிவு எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. 'எச்சத்தாற் காணப்படும்' என்ற குறள் பின்னால் நிற்கிறது. ஆனால் உயிரோடு இருப்பவர்களும் தம் தாள்களை நூலகத்துக்குக் கொடுக்கிறார்கள், அவர்களிடம் போய் எச்சம் என்று சொல்ல முடியாது.

என் முன்மொழிவு 'தாள்வைப்பு'. வைப்புநிதியில் உள்ள அதே வைப்பு. முதலில் அவர் வைத்திருந்தார், பிறகு குடும்பம் வைத்திருந்தது, இப்போது நூலகம் வைத்திருக்கிறது. மூன்றுக்கும் அந்தச் சொல் இடம் கொடுக்கிறது.

அடுத்து ஒரு சிக்கல். வெப்ஸ்டர் 1852இல் இறந்தார். கடிதங்களில் ஒரு பகுதியை அவர் மகன் பிளெட்சர் 1857இல் இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார். மூலத்தாள்களோ பல கைகளுக்குச் சிதறின. நியூ ஹாம்ப்ஷயர் வரலாற்றுக் கழகத்தில் ஒரு பெரும்பங்கு, வெப்ஸ்டர் படித்த டார்ட்மவுத் கல்லூரியில் ஒரு பங்கு, காங்கிரஸ் நூலகத்தில் ஒரு பங்கு. பின்னர் டார்ட்மவுத்தில் வரலாற்றாசிரியர் சார்லஸ் வில்ட்சி தலைமையில் பல இடங்களிலிருந்தும் படியெடுத்துச் சேர்த்து, 1974 முதல் நூல்வரிசையாக வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் பேப்பர்ஸ் என்றே பெயர். நாம் அந்தக் குழப்பத்தை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. தானாகச் சேர்ந்து தங்கியது தாள்வைப்பு, ஒருவர் தேடிச் சேர்த்தது திரட்டு. எட்டுத்தொகையைத் தொகுத்தவர் உண்டு என்பதால், 'தாள்தொகை' என்ற சொல்லையும் நான் திரட்டின் பக்கமே வைப்பேன்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு வெப்ஸ்டருடைய புகழ்பெற்ற பேச்சே சான்று. 1830 ஜனவரியில் செனட்டில் தென் கரோலினா உறுப்பினர் ராபர்ட் ஹெய்னுக்கு அவர் சொன்ன மறுமொழிக்கு மூன்று வடிவங்கள் உண்டு: கையில் இருந்த குறிப்பு, இதழாசிரியர் ஜோசப் கேல்ஸ் எடுத்த சுருக்கெழுத்து, வெப்ஸ்டரே திருத்தி அச்சுக்குக் கொடுத்த பாடம். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தது அச்சுப்பாடத்தை. அவையில் உண்மையில் என்ன ஒலித்தது என்று பார்க்க வேண்டுமானால் மற்ற இரண்டையும் தேடிப் போக வேண்டும். எந்தத் தாள் யார் கையிலிருந்து எந்த வழியாக வந்தது என்பது அங்கே உயிர்நாடி. திரட்டில் அந்தத் தடத்தைத் தனியே குறித்துவைக்காவிட்டால் அது அழிந்துபோகும்.

புணர்ச்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாள் + வைப்பு இயல்பாகவே நிற்கும். தாள் + திரட்டு 'தாட்டிரட்டு' ஆகிவிடும், அது யாருக்கும் புரியாது. அதனால்தான் 'திரட்டு' என்று தனியாக விட்டேன்.

அப்புறம், தாள்வைப்புக்குள் ஒரே வகைத் தாள்களைச் சேர்த்துவைக்கும் பிரிவான சீரீஸ் என்பதற்கு 'வரிசை' போதும் என்று நினைக்கிறேன். கட்டு, பெட்டி ஆகியவை ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. நூலகத்தில் பணிபுரியும் நண்பர்கள், அட்டவணையில் 'வெப்ஸ்டர் தாள்வைப்பு, பெட்டி 3' என்று எழுதிப் பார்த்துவிட்டு, உறுத்துகிறதா என்று சொல்லுங்கள்.